கல்குலேட்டருக்குக் கீபோட் பூட்டிய ஜொய்சி ரீச்சர்

ஜொய்சிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது போர்க்காலம்; யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வரத் தடை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோவைப் பேச வைக்க வேண்டும். உடுவிலில் அவர்கள் வீட்டில் சுற்றுகிற வேலை அவளுடையது. ஒருநாள் சுற்றிக்கொண்டே தகப்பனிடம் கேட்டாள்.

"அப்பா, நான் கெதியாச் சுத்தினால் செய்தி வாசிக்கிறவரும் கெதியா வாசிப்பாரோ?"

தகப்பன் கிருபைரட்ணம் மிஷன் பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞர். அவர் சிரிக்கவில்லை. "சுத்திப் பாரன்" என்றார். அவள் மூச்சு வாங்கச் சுற்றினாள். சத்தம் கூடியது; வாசிப்பு அதே நிதானத்தில் போனது. ஏன் என்று கேட்டாள். "எனக்கும் தெரியேல்லையே மோளை" என்றார் அவர். பெரிய ஆட்களுக்கும் தெரியாத விஷயங்கள் வீட்டு விறாந்தையிலேயே கிடக்கின்றன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றினாள்.

அந்தக் குணம் வயது வந்தும் போகவில்லை. இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்தாறு குடும்பங்களோடு படுத்துக் கிடந்த நாட்களில்கூட, மழை பெய்யும்போது தகரக் கூரையின் சத்தம் ஒரு மூலையில் மட்டும் ஏன் வேறு மாதிரிக் கேட்கிறது என்று ஆராய்ந்து, மேசைக்கு மேல் கதிரை வைத்து ஏறி, விழுந்து, கையை முறித்துக்கொண்டாள். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தாள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலவன் பாடசாலையில் கணித ஆசிரியை ஆனாள். கணவர் ஜொனதனுக்கு வவுனியாவில் வங்கி வேலை. கிழமைக்கு ஒருதரம் வந்து போவார். "ஜொய்சி ரீச்சர் கேக்கிற கேள்விக்கு அவவுக்கே மறுமொழி தெரியாது" என்று மாணவர்கள் வீட்டில் போய் முறைப்பாடு சொல்வார்கள். அது உண்மைதான். அவள் அதை மறுத்ததும் இல்லை.

நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டில் பாடசாலைக்குக் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அங்கே கணிதம் படிப்பிக்கும் பழைய மாணவி ஒருவர் அனுப்பியிருந்தார். உள்ளே பாவித்த கல்குலேட்டர்கள். சாதாரணமானவை அல்ல; தடித்த செங்கல் மாதிரி, பெரிய திரையுடன், ஒரு சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் கோட்டை வரைந்து காட்டுகிற கிராஃப் கல்குலேட்டர்கள். அதிபர் குணலட்சுமி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். எங்கள் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்குள் இதைக் கொண்டுபோக முடியாது. பிறகு பழக்கி என்ன பயன்? பெட்டி அலுமாரிக்குள் போனது.

"மிஸ், ஒண்டை நான் வீட்டை கொண்டுபோய்ப் பாக்கட்டோ?" என்று ஜொய்சி கேட்டாள்.

"பாருங்கோ. ஆனால் என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"தெரியேல்லை மிஸ்."

அவள் முதலில் பார்த்தது திரையை அல்ல, கல்குலேட்டரின் அடிப்பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் துளையை. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற வயரைச் செருகும் துளை மாதிரி இருந்தது. ஆனால் அதைவிட ஒடுக்கம். ஒரு கல்குலேட்டருக்குக் காது எதற்கு? பழைய பட்டன் ஃபோன் ஒன்றோடு வந்த காது வயர் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதன் முனை ஒடுங்கியது என்று ஞாபகம். தேடி எடுத்துச் செருகினாள், அளவாகப் பொருந்தியது. காதில் வைத்துக்கொண்டு, 'அனுப்பு' என்று பொருள்படும் பொத்தானை அமர்த்தினாள்.

மிக மெல்லியதாக ஒரு 'டிக்'. எறும்பு பல்லுக் கடித்த மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. திரையில் பிழை என்று வந்தது.

மறுபடி அமர்த்தினாள். மறுபடி 'டிக்'.

அந்த வார இறுதியில் வந்த ஜொனதன், மனைவி காதில் வயரும் கையில் கல்குலேட்டருமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தார். அவருக்குப் பழக்கம்.

அந்தத் துளையைப் பற்றி இணையத்தில் தேடினாள். இரண்டு கல்குலேட்டர்கள் தமக்குள் கதைப்பதற்காக வைத்த வழி அது என்று தெரியவந்தது. உள்ளே தரைக்கம்பியைத் தவிர இரண்டே இரண்டு கம்பிகள். இரண்டிலும் சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். சொல்ல வந்தவர் ஒரு கம்பியைத் தாழ்த்துவார். கேட்பவர் மற்றக் கம்பியைத் தாழ்த்தி 'கேட்டது' என்பார். பிறகு இருவரும் விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார்கள். மறுமொழி வராவிட்டால் சொல்ல வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிழை என்று சொல்லி நிறுத்திவிடுவார். அவள் கேட்ட 'டிக்' அதுதான். பாவம், அது ஒருவரும் இல்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறது.

அதே வாரம், பாடசாலையில் உடைந்த சாமான்கள் போடும் அறையில், வட்ட முனை வைத்த பழைய கீபோட்கள் சிலவற்றைக் கண்டாள். இப்போதைய கொம்பியூட்டர்களில் அந்த முனையைச் செருக இடமில்லை, அதனால் ஒதுக்கப்பட்டவை. அவற்றைப் பற்றியும் வாசித்தாள். மின்சாரத்துக்கு ஒரு கம்பி, தரைக்கு ஒரு கம்பி. மற்றவை இரண்டு. சும்மா இருக்கும்போது உயர்ந்து நிற்கும், கதைக்கும்போது தாழும்.

இரண்டு கம்பி இங்கேயும், இரண்டு கம்பி அங்கேயும். இந்தக் கீபோட்டை அந்தக் கல்குலேட்டரில் பூட்டினால் என்ன?

வெளிநாட்டில் பொழுதுபோக்காக இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியவை பாதி அழிந்துபோயிருந்தன, படங்கள் திறக்கவில்லை. அது அவளுக்கு நல்லதாகவே பட்டது. மிச்சத்தைத் தானே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் ஈயம் பற்றவைக்க அவளுக்கு வராது. அதற்கு அவள் பிரியந்தினியைத் தேடிப் போனாள். பிரியந்தினி குருநகர்ப் பெண். யாழ்ப்பாண நகரில் ஒரு ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்தவள். ஜொய்சியின் ஃபோனை இரண்டு தரம் பிழைக்க வைத்திருக்கிறாள். மின்வெட்டு நீண்டு நீண்டு கடை முதலாளி பூட்டிவிட்டுப் போனபின், வீட்டிலேயே வேலை செய்தாள். அவளுடைய தகப்பன் செபநாயகம் கடற்றொழிலாளி, சொந்தப் படகு வைத்திருந்த சம்மாட்டி. அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. படகு கரையில் ஏறியிருந்தது. படகில் இருந்த பெரிய பற்றறியை வீட்டுக்கு எடுத்துவந்து, அதில்தான் பிரியந்தினி தன் ஈயக்கோலைச் சூடாக்கினாள்.

ஜொய்சி உடுவிலிலிருந்து சைக்கிளில் வியர்த்து வழிந்து வந்து, பையிலிருந்து கல்குலேட்டரையும் கீபோட்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"சரி ரீச்சர், பூட்டுவம். பூட்டி என்ன செய்யப் போறியள்?" என்றாள் பிரியந்தினி.

"எழுத்து வருமோ எண்டு பாப்பம்."

"எழுத்து அடிக்கிறதெண்டால் ஃபோனிலை அடிக்கலாமே."

"அடிக்கலாம். உது முடியுமெண்டு எல்லாருக்கும் தெரியும். இது முடியுமோ எண்டு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியுமோ?"

பிரியந்தினி கல்குலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து ஆணிகளைப் பார்த்ததுமே அவற்றுக்குரிய திருப்புளிக்குக் கை போயிற்று. "எனக்கும் தெரியாது" என்றாள். "கழட்டட்டோ?"

செபநாயகம் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பேச்சு அவருக்குத் திரும்பியிருந்தது, கால் ஓரளவு. வலது கைதான் பிரச்சினை. பிடிக்கும், ஆனால் விடாது. யாராவது கை கொடுத்தால் அவர் பிடித்த பிடி அப்படியே இருக்கும். "சம்மாட்டியாருக்கு எங்களிலை பாசம்" என்று இறங்குதுறை ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார்.

முதல் கல்குலேட்டர் அந்த மேசையிலேயே உயிரை விட்டது. கீபோட்டின் வட்ட முனையில் எந்த ஊசி எதற்கு என்று ஜொய்சி படம் கீறிக் கொடுத்தாள். பிரியந்தினி கல்குலேட்டரின் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு, அந்த முனை போய் உட்கார ஒரு வட்டக் குழியைப் பொருத்தி, படத்தில் உள்ளபடி பற்றவைத்தாள். உள்ளே நாலு சின்னப் பற்றறிகளிலிருந்து மின்சாரத்துக்கு ஒரு வயர் இழுத்தாள். எல்லாம் சுத்தமான வேலை. கீபோட்டைச் செருகியதும் அதன் நாலு மூலைகளில் ஒன்றிலிருந்து நூல் மாதிரிப் புகை வந்தது. கல்குலேட்டரின் திரை ஒருதரம் முழுக்கக் கறுத்து வெளுத்தது.

பிரியந்தினி கீபோட்டைப் பிடுங்கி எடுத்தாள்.

"முனையைப் பாத்துக் கீறினனீங்களோ, குழியைப் பாத்துக் கீறினனீங்களோ?" என்று பிரியந்தினி கேட்டாள்.

ஜொய்சி படத்தைப் பார்த்தாள். முனையின் முகத்தைப் பார்த்துக் கீறியிருந்தாள். குழியின் முகம் அதற்கு எதிர். கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக, வலம் இடமாகப் போய்விடும். மின்சாரம் வரவேண்டிய இடத்தில் தரையும், தரை இருக்கவேண்டிய இடத்தில் மின்சாரமும். ஒன்பதாம் வகுப்புக்குத் தெறிப்புப் படிப்பிக்கிறவள் அவள்.

"நானும் யோசிச்சிருக்க வேணும்" என்றாள் பிரியந்தினி. "ஃபோனிலை உப்பிடி எத்தினை கண்டனான்."

விறாந்தையிலிருந்து செபநாயகத்தின் குரல் வந்தது. "என்ன பிள்ளையள், கருவாடு சுடுறியளோ?"

அடுத்த நாள் ஜொய்சி இறந்த கல்குலேட்டரைக் கடதாசியில் சுற்றி அதிபரின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். குணலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கச் சுவரிலிருந்த வட்டக் குழியை விரலால் தடவிப் பார்த்தார். பாடசாலைச் சொத்து. ஏசுவார் என்றுதான் ஜொய்சி நினைத்தாள்.

"இதுக்குள்ளை உள்ள வேலை வடிவாத்தான் இருக்கு" என்றார் அவர். "பிழை எங்கையெண்டு கண்டிட்டியளோ?"

"கண்டிட்டம் மிஸ்."

"அப்ப இன்னொண்டைக் கொண்டுபோங்கோ. அலுமாரிக்குள்ளை இருந்தால் கரப்பான்தான் குடியிருக்கும். வேலை செய்தால் என்னட்டைக் கொண்டுவந்து காட்ட வேணும். காட்டாட்டில்தான் ஏசுவன்."

இரண்டாவதைப் பூட்டும்போது கீபோட்டுக்கான மின்சாரத்தைக் கல்குலேட்டரிலிருந்து எடுக்கவில்லை. படகுப் பற்றறியில் வாகனத்துக்குள் ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியைக் கொழுவி, அதிலிருந்து கொடுத்தார்கள். பூட்டியாகிவிட்டது. புகை இல்லை. ஆனால் கல்குலேட்டருக்குக் கீபோட் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது ஜொய்சியின் பங்கு.

அந்தக் கல்குலேட்டருக்குள் இருந்த கணினிச் சில்லு மிகப் பழைய வகை. அதற்கு விளங்கும் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களைக் கல்குலேட்டரின் பொத்தான்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடித்து ஏற்றலாம். ஓர் எண் பிழைத்தாலும் திரை அப்படியே உறைந்துவிடும். பற்றறிகளைக் கழற்றி மாட்டி, முதலிலிருந்து அடிக்க வேண்டும். அவள் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனையால் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி வெட்டினாள். பெற்றோல் இல்லாததால் பள்ளிக்கூடம் கிழமையில் சில நாட்கள்தான் நடந்தது. மிச்ச நாட்களில் குருநகர் விறாந்தையில் அவளைக் காணலாம்.

கீபோட் கதைக்கிற வேகம் அவளுக்குப் பெரிய வியப்பு. ஒரு பொத்தானை அமர்த்தினால் கண்ணிமைப்பதற்குள் அது சொல்லி முடித்துவிடுகிறது. மறுமொழிக்கும் காத்திருப்பதில்லை. கல்குலேட்டர்கள் தமக்குள் 'கேட்டதோ, கேட்டதோ' என்று நிதானமாகக் கதைக்கிறவை. கீபோட் மீன் ஏலம் கூறுகிறவனைப் போல. அதன் வேகத்துக்குக் கல்குலேட்டரின் காதைத் திருப்புவதற்குத்தான் அத்தனை பாடு.

ஒரு புதன்கிழமை காலை பிரியந்தினி 'A' என்ற பொத்தானைத் தட்டினாள். திரையில் எண்கள் வந்து நின்றன.

28 240 28

"வந்திட்டுது!" என்று பிரியந்தினி கத்தினாள். பிறகு குனிந்து பார்த்தாள். "என்ன ரீச்சர் வந்திருக்கு? 'ஏ' வரேல்லையே."

'A' இல்லை. மறுபடி தட்டினாள். மறுபடி அதே மூன்று எண்கள். 'S' தட்டினால் 27, 240, 27. கீபோட்டுக்கு எழுத்துத் தெரியாது, எந்த இடத்துப் பொத்தான் என்பதை மட்டும் ஓர் எண்ணாகச் சொல்லும் என்று ஜொய்சி வாசித்திருந்தாள். அப்படியானால் முதல் 28 விளங்குகிறது. நடுவில் ஏன் 240? ஏன் மறுபடி 28? அவள் பொத்தானை மெதுவாக அமர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டாள். 28 வந்தது. ஒரு கணம் பொறுத்து 28, 28, 28 என்று வரிசையாக ஓடத் தொடங்கியது. விரலை எடுத்தாள். 240, 28. நின்றது.

ஜொய்சி கதிரையில் சாய்ந்தாள். "பிரியந்தினி, இது விரலை வைச்சதை மட்டும் சொல்லேல்லை. எடுத்ததையும் சொல்லுது. இருநூத்து நாப்பதெண்டால் 'விட்டாச்சு'."

இத்தனை வருஷம் கீபோட்டில் கேள்வித்தாள் அடித்திருக்கிறாள். தான் ஒவ்வொரு தரம் விரலை எடுப்பதையும் அது யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

செபநாயகம் கதிரையிலிருந்து எழும்பி, காலை இழுத்து இழுத்து மேசைக்கு வந்தார். "என்ன சத்தம்? நானும் ஒருக்கா அமத்திப் பாக்கட்டோ பிள்ளை?"

"அமத்துங்கோ ஐயா."

அவர் வலது கையைத்தான் நீட்டினார். மற்றவர்களுக்கு முன் இடது கையை நீட்ட அவருக்கு மனம் வராது. சுட்டுவிரலை 'A' இல் வைத்து அமர்த்தினார். 28, 28, 28, 28. திரை நிரம்பி மேலே நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது.

"என்ன இது, விடாமல் கத்துது?"

"நீங்கள் விரலை எடுக்கேல்லை ஐயா."

"எடுத்திட்டனே."

மூவரும் விரலைப் பார்த்தார்கள். விரல் பொத்தானில்தான் இருந்தது. அமர்ந்துதான் இருந்தது. செபநாயகம் அதைப் பார்த்த பார்வையில் வருத்தம் இல்லை. வேறொருவரின் விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நான் எடுத்தனான்" என்றார் மெதுவாக. "உள்ளுக்கை நான் எடுத்திட்டன். இவர்தான் எடுக்கேல்லை."

கொஞ்ச நேரம் கழித்து விரல் பொத்தானை விட்டது. 240, 28.

ஜொய்சி வீட்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சுத்தான் காதில் நின்றது. உள்ளே எடுத்தாயிற்று, வெளியே எடுக்கவில்லை. இடையில் எவ்வளவு நேரம்? அதைக் கல்குலேட்டர் அளக்கலாம். அளந்தால் கோடாகக் கீறலாம். கோடு கீறுவதற்கென்றே பிறந்த இயந்திரம் அல்லவா அது?

புதிதாக எழுதினாள். கல்குலேட்டர் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டும். காட்டும்போது அமர்த்த வேண்டும். சதுரம் மறையும்போது விட வேண்டும். மறைந்ததிலிருந்து 240 வரும்வரை எவ்வளவு நேரம் என்று எண்ணி, ஒரு புள்ளி வைக்கும். நேரம் கூடினால் புள்ளி உயரும், குறைந்தால் தாழும். புள்ளிகளை இணைத்தால் கோடு.

செபநாயகத்தின் முதல் கோடு திரையின் உச்சியைத் தொட்டு, ஓரிடத்தில் திடீரென்று விழுந்து, மறுபடி ஏறியது. அவர் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார். படகில் மீன் தேடும் கருவி வைத்திருந்தவர். அதன் திரையில் கடலடி ஒரு கோடாக ஓடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

"இது கல்லுப்பார், கடலடிப் பாறை" என்றார். "இந்தா, இதிலை ஒரு பள்ளம். உதுக்குள்ளைதான் மீன் நிக்கும்." பிறகு கேட்டார்: "இந்தப் பள்ளம் என்ன பிள்ளை?"

"அந்த முறை நீங்கள் கெதியா விட்டிருக்கிறியள்."

"ஏன்?"

ஜொய்சிக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அவர் இன்னொரு தரம் செய்து பார்த்தார்.

அதன் பிறகு அந்தப் பள்ளத்தைத் தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண், விரலை மடக்கு, நீட்டு என்று படித்துப் படித்துச் சொன்னபோது சலித்துக்கொண்டவர் அவர். இப்போது காலைத் தேத்தண்ணி குடித்ததும் மேசைக்கு வந்துவிடுவார். குளிர்ந்த தண்ணியில் கையை வைத்துவிட்டு அமர்த்திப் பார்த்தார், கோடு ஏறியது. வெயிலில் வைத்துவிட்டு அமர்த்தினார், கொஞ்சம் இறங்கியது. கோபம் வந்த நேரம் ஏறியது. ஒருநாள் மாதா கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு அமர்த்தினார். ஒரு நீளப் பள்ளம் விழுந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஃபோன் திரையில் இதைச் செய்ய முடியாது என்று பிரியந்தினிதான் சொன்னாள்: அதைத் தொட்டாலே போதும். பழைய கீபோட்டின் பொத்தான் அமர்த்தினால் எதிர்த்து நிற்கும், விட்டால் கீழிருந்து தள்ளிக் கொடுக்கும். அந்தத் தள்ளல் அப்பாவின் விரலுக்கு உதவுகிறது என்று அவள் நினைத்தாள்.

வாக்குப்படி ஜொய்சி கல்குலேட்டரை அதிபரிடம் கொண்டுபோனாள். கீபோட்டுக்கு மின்சாரம் கொடுக்க ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றும் சின்னப் பற்றறி ஒன்றைப் பிரியந்தினி கொடுத்துவிட்டிருந்தாள். குணலட்சுமி பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஆசிரியர் அறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் மோதிர விரல் மட்டும் பிந்தியது. வயலின் படிப்பிக்கும் ரேச்சல் ரீச்சரின் இடது கையில் மட்டும் நாலு விரலும் ஒரே மட்டத்தில் நின்றன. "பாத்தியளோ, பாத்தியளோ" என்று அவர் கையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். அடுத்த கிழமையிலிருந்து உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தங்கள் விரல்களின் கோடுகளை வைத்துச் சராசரியும் விலகலும் கணித்தார்கள். பெட்டி மறுபடி அலுமாரிக்குள் போகவில்லை.

செபநாயகத்தின் கோடு சிலநேரம் இறங்கியது, சிலநேரம் இறங்கவில்லை. மழை காலத்தில் மறுபடி ஏறி, பிரியந்தினியைக் கவலைப்பட வைத்தது. ஆனால் அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்கிய நாட்களில் அவர் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் எடுத்து, குடித்து, மேசையில் வைத்து, விட்டார். ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை. பிரியந்தினி அதைக் கண்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். இறங்குதுறைக்கு நடந்துபோய்க் கை கொடுத்தால் இப்போது பிடி தளர்கிறது. உடனே இல்லை, ஒரு சிரிப்புச் சிரித்து முடிக்கிற நேரத்தில். கடலுக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரியும். படகை மருமகன் முறையான ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பற்றறியை மட்டும் கொடுக்கவில்லை.

ஒருநாள் ஜொய்சி போனபோது அவர் ஒரு கேள்வியோடு காத்திருந்தார்.

"பிள்ளை, நான் முழிச்சிருக்கேக்கை இவர் பிடிக்கிறார், விடமாட்டன் எண்டுறார். நித்திரையிலை இவர் என்ன செய்யிறவர்?"

ஜொய்சி பிரியந்தினியைப் பார்த்தாள். பிரியந்தினி கீபோட்டை வைக்கப் பலகை தேடப் போனாள்.

பொத்தான் அமர்ந்திருக்கும்வரை கோடு உச்சியில் ஓடவும், விட்டதும் விழவும் ஜொய்சி எண்களை மாற்றி அடித்தாள். அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டபின் பார்த்தார்கள். செபநாயகம் சாய்மனைக் கதிரையில் படுத்தார். கதிரையின் கைப்பிடிக்குக் குறுக்கே பலகை வைத்து, அதன்மேல் கீபோட்டை வைத்தாள் பிரியந்தினி. மணிக்கட்டுக்குக் கீழே துவாயை மடித்து வைத்தாள். அவர் சுட்டுவிரலால் 'A' ஐ அமர்த்திக்கொண்டு கண்ணை மூடினார். கல்குலேட்டரில் கோடு உச்சியிலேயே போய்க்கொண்டிருந்தது, முற்றத்துச் சுவர் மாதிரி நேராக. வெளியே யாரோ வலையை உதறுகிற சத்தம். காற்று உப்பாக வந்தது. இரண்டு பெண்களும் நிலத்தில் குந்தியிருந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூச்சு நீண்டது. பிறகு மெல்லிய குறட்டை.

கோடு விழுந்தது.

பள்ளம் அல்ல, அடிவரைக்கும். ஜொய்சி தலையை உயர்த்தினாள். விரல் பொத்தானுக்கு மேலே, அதைத் தொடாமல், தளர்ந்து நின்றது. மற்ற விரல்களும் விரிந்திருந்தன. பாரிசவாதம் வந்த பிறகு அந்தக் கை அப்படித் திறந்திருந்ததைத் தான் பார்த்ததே இல்லை என்று பிரியந்தினி காதோடு சொன்னாள்.

அவர் எழும்பியதும் காட்டினார்கள். கண்ணைக் கசக்கிவிட்டு, கோடு விழுந்த இடத்தில் இடது கை விரலை வைத்தார்.

"இந்த நேரம் நான் நித்திரையோ?"

"ஓம் ஐயா. நல்ல நித்திரை. குறட்டை விட்டனீங்கள்."

"அப்ப விட்டது ஆர்?"

ஜொய்சி திரையை மறுபடி பார்த்தாள். "தெரியேல்லை ஐயா" என்றாள்.

"எனக்கும் தெரியேல்லை" என்றார் செபநாயகம். பிறகு இன்றைக்கு வந்த மீனில் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். ரீச்சருக்கும் கொஞ்சம் போடச் சொன்னார்.